திரும்பி வந்த பிறகு என்னை அலைக்கழித்த சான்றிதழ்

வெளிநாட்டில் இரண்டு வருடம் தன்னார்வப் பணி செய்துவிட்டு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. அதில் ஐந்து மாதம் ஒரே ஒரு காகிதத்தின் பின்னால் ஓடினேன். இப்போது அங்கே இருப்பவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போகும்போது ஒரு சிக்கலும் இல்லை. விசா, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் அனுப்பிய அமைப்பே பார்த்துக்கொண்டது. திரும்பும்போது அப்படி யாரும் இல்லை. கடைசி வாரம் முழுக்கப் பள்ளியில் பொறுப்பை ஒப்படைப்பதிலும் பிள்ளைகளிடம் விடைபெறுவதிலுமே போய்விட்டது.

வந்ததும் குழந்தைகளோடு பழகும் வேலை ஒன்று கிடைத்தது. சேர்வதற்கு முன், வசித்த வெளிநாட்டிலிருந்து போலீஸ் கிளியரன்ஸ், அதாவது என் மேல் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று அந்த நாட்டுப் போலீஸ் தரும் சான்றிதழ், வேண்டும் என்றார்கள். அங்கே இருக்கும்போதே நேரில் போயிருந்தால் ஓரிரு நாளில் முடிந்திருக்கும். இங்கிருந்து என்றால் தபால், கைரேகை, அதிகாரி முத்திரை. கைரேகை எடுக்கப் போன இடத்தில் இருந்த எழுத்தர், "வெளிநாட்டுப் படிவத்தில் நாங்க சீல் வைக்க முடியாது" என்று படிவத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில். நான்காவது முறை மேலதிகாரியைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அனுப்பி ஏழு வாரம் கழித்து உறை திரும்பி வந்தது. வலது கட்டைவிரல் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ரேகையே தெரியாமல் மை அப்பிக் கிடந்தது. அன்று உட்கார்ந்து அழுதேன். இரண்டாவது முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்: கையை நன்றாகத் துடைத்துவிட்டு, மையை லேசாகத் தொட்டு, அழுத்தாமல், நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலை உருட்ட வேண்டும். எப்போதும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வீணானால் மறுபடி அலைய வேண்டாம்.

படிவத்தில் இன்னொரு கண்டம் இருந்தது. தங்கிய முகவரிகள் அத்தனையும் தேதியோடு வேண்டும். நான் மூன்று வீடு மாறியவள். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை வேறு மங்கிப்போயிருந்தது. என்னைக் காப்பாற்றியது நாட்குறிப்புதான். எவ்வளவு களைத்திருந்தாலும் இரவில் தேதியும் படுக்கிற இடமும் எழுதாமல் தூங்கியதில்லை. ஒரு பக்கத்தில், "மழையில் மெத்தை நனைந்தது, இன்று முதல் தபால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வீடு" என்று இருந்தது. அந்த ஒரு வரிதான் இரண்டாவது வீட்டுக்குப் போன தேதியைச் சொன்னது.

பணிச் சான்றுக் கடிதத்தையும் கிளம்பும் முன் வாசித்துப் பாருங்கள். எனக்குத் தந்ததில் பாராட்டு நிறைய இருந்தது, சேர்ந்த தேதியும் முடித்த தேதியும் இல்லை. கையெழுத்திட்டவர் அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். திருத்திய கடிதம் வர ஆறு வாரம் ஆனது.

வரும் வழியில் விமானம் மாறிய இடத்திலும் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டேன். நான் 2013-ல் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டவள். அட்டையில் பத்து வருடம் என்று அச்சாகியிருந்ததால் காலாவதி என்றார்கள். 2016 ஜூலை 11 முதல் அந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய அட்டைக்கும் அதே விதிதான். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்பை அச்செடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

மலேரியா வராமல் தடுக்கச் சாப்பிட்டுவந்த மாத்திரையை வீட்டுக்கு வந்த அன்றே நிறுத்தினேன். அது என் பெரிய தவறு. டாக்சிசைக்ளின் சாப்பிடுபவர்கள் மலேரியா உள்ள இடத்தைவிட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. எங்கே இருந்துவிட்டு வந்தேன் என்று நானாகச் சொன்ன பிறகுதான் மருத்துவர் மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். இருந்தது. திரும்பி வந்து பல மாதம் ஆகியிருந்தாலும் காய்ச்சல் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

சான்றிதழ் போன வாரம் வந்தது. அன்றே நான்கு நகல் எடுத்து, ஒன்றை நாட்குறிப்புக்குள் மடித்து வைத்தேன். வேலையை எனக்காகக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன்.