முகத்தைப் பரப்பாதீர்கள்

ஜூன் 3, செவ்வாய்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் காலையில் செல்போன் பறிபோனால், மாலைக்குள் தெருக்கோடி கேமரா பதிவு எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிடுகிறது. முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே 'இவன்தான் திருடன்'. குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்பது சட்டம். அதை மீறும் அந்த வட்டம், பறிகொடுத்த பெண்ணின் வழக்கையும் சேர்த்துக் கெடுக்கிறது.

பிடிபட்டவர் சாட்சிக்கு முன்பின் தெரியாதவர் என்றால், புழல் சிறைக்குள் மாஜிஸ்திரேட் அடையாள அணிவகுப்பு நடத்துவார். ஏறக்குறைய அதே வயது, உயரம், நிறம் உள்ள பலரோடு பிடிபட்டவரை நிறுத்தி, சாட்சியிடம் ஆளைக் காட்டச் சொல்வார்கள். போலீசார் உடனிருக்கக் கூடாது. கைதானவரை முகம் மூடிக் கூட்டிவருவதும் இதற்காகத்தான். சாட்சி அந்த முகத்தை ஏற்கெனவே போனில் பார்த்திருந்தால், கை காட்டுவது பறித்தவரையா, படத்தில் இருந்தவரையா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். உண்மையாகவே பறித்தவர் விடுதலையாகலாம். பிடிபட்டவர் வேறு ஆள் என்றால், சாட்சி பொய்யே சொல்லாமல் அவரை மாட்டிவிடலாம்.

ஜூன் 5, வியாழன்

கேமரா வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு. கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரின் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவு அழிந்துவிடும், அன்றே போலீசுக்குச் சொல்லுங்கள். டிவிஆர் காட்டும் நேரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒரே சமயத்தில் பார்த்து எழுதிவையுங்கள். டிவிஆர் கடிகாரம் சில நிமிடம் தப்பாக ஓடினால், அவ்வழியே டீ குடிக்கப் போனவர்கூடச் சம்பவ இடத்தில் நின்றவராகிவிடுவார். முன்னும் பின்னும் அரைமணிப் பதிவைச் சேர்த்து, நேராகப் புதுப் பெண்டிரைவில் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கும், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண் மாறும். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63(4) பிரிவு கேட்கும் சான்றிதழில் அந்த எண் இருந்தாக வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

2018 மே மாதம் பழவேற்காட்டில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பி ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்றது.

வடசென்னைப் பையன் என்றால் முகவரியே பாதித் தீர்ப்பு ஆகிவிடுகிறது. மீதிப் பாதியை ஃபார்வர்டு செய்பவர்கள் எழுதுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் படம் இப்படிச் சுற்றினால் எதையும் அழிக்காதீர்கள். குழுவின் பெயர், அனுப்பிய எண், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தியாக வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அணிவகுப்புக்கு முன்பே படம் பரவிவிட்டது என்று மாஜிஸ்திரேட்டிடம் தேதியோடு சொல்லி, பதிவு செய்யக் கேளுங்கள்.