எல்லா போட்டோவையும் ஆட்டி விடாதீங்கப்பா

பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், பழைய போட்டோவெல்லாம் சேத்து மண்டபத்துல ஓடுற மாதிரி ஒரு வீடியோ பண்ணிக் குடுன்னு வீட்ல என் தலைல கட்டிட்டாங்க. போட்டோவ வரிசையா போட்டா ஸ்லைடு ஷோ மாதிரி தூங்கி வழியும், அதனால எல்லாரும் பண்றதுதான், மெதுவா ஜூம் பண்ணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகத்துறது. ஆனா ஆப்ல இருக்குற ஆட்டோ மோடுல மட்டும் விட்டுடாதீங்க, அதுக்கு யாரு முக்கியம்னு தெரியாது, மாப்பிள்ளை பொண்ண விட்டுட்டு பின்னாடி நிக்குற வாழைமரத்துக்கு ஜூம் போகும்.

போட்டோவ இப்படி ஜூம் பண்ணி நகத்துறதுக்கு கென் பர்ன்ஸ் எஃபெக்ட்னு பேரு. அவரு அமெரிக்க டாகுமெண்டரி டைரக்டர், 1990ல பிபிஎஸ்ங்கிற அமெரிக்க டிவில வந்த 'தி சிவில் வார்' தொடர்தான் இத ஃபேமஸ் ஆக்குச்சு. அந்த உள்நாட்டுப் போர் நடந்தது 1861லேர்ந்து 1865 வரைக்கும், அப்போ சினிமா கேமராவே கிடையாது, இருந்தது போட்டோ மட்டும்தான், மனுஷன் வேற என்ன பண்ணுவாரு. அதுக்கும் முன்னாடியே 1957ல கனடாக்காரங்க காலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் டாசன் சிட்டி தங்க வேட்டை போட்டோக்கள வச்சு 'சிட்டி ஆஃப் கோல்ட்'னு பண்ணிட்டாங்க, பர்ன்ஸே அதச் சொல்லியிருக்காரு. அப்புறம் ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ் 2003ல அவங்க வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஐமூவி 3ல இத ஒரு பட்டனா வச்சப்போ பர்ன்ஸ் பேரையே கேட்டு வாங்கினாரு. விளம்பரத்துக்கெல்லாம் பேர் தர மாட்டேன்னு மொதல்ல சொன்னவரு, தொண்டு அமைப்புகளுக்குக் குடுக்க கம்ப்யூட்டர் வாங்கிக்கிட்டு ஒத்துக்கிட்டாராம். நல்ல டீல்தான்.

சரி வேலைக்கு வருவோம். நான் பண்றது என்னன்னா, கடைசி ஃபிரேம மொதல்ல முடிவு பண்ணிடுவேன். இந்த போட்டோ முடியும்போது பாக்குறவங்க கண்ணு யார் மேல இருக்கணும்? உதாரணத்துக்கு எங்க வீட்டு குரூப் போட்டோ ஒண்ணு, நடுவுல நாற்காலில தாத்தா கம்பீரமா உக்காந்துருக்காரு, பாட்டி ஓரத்துல தூண் பக்கம் பாதி மறைஞ்சு நிக்குறாங்க. தாத்தாவுக்கு ஜூம் போனா அது சாதா போட்டோ. தாத்தாலேர்ந்து ஆரம்பிச்சு, சித்தப்பாங்க, அத்தைங்க மூஞ்சி மேல எல்லாம் மெதுவா நகந்து பாட்டிகிட்ட போய் நின்னா, அங்க ஒரு கதை வந்துடுது இல்ல? ஜூம் அவுட்டும் அப்படித்தான், கைய மட்டும் காட்டிட்டு பின்னாடி வந்தா அது யாரு கைய புடிச்சிருக்குன்னு அப்புறமா தெரியணும். அப்படி எதுவும் இல்லாத போட்டோவ நான் நகத்துறதே இல்ல, நாலு செகண்டு சும்மா நிக்கட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது.

நான் டாவின்சி ரிசால்வ்ங்கிற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்லதான் பண்றேன், ஃப்ரீ வெர்ஷனே போதும். டைனமிக் ஜூம ஆன் பண்ணா பச்சைப் பெட்டி ஒண்ணு சிவப்புப் பெட்டி ஒண்ணு வரும், பச்சைல ஆரம்பிச்சு சிவப்புல முடியும், ரெண்டையும் இழுத்து வைக்க வேண்டியதுதான், திருப்பிப் போட ஸ்வாப் பட்டன் இருக்கு. ஈஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத லீனியர்ல விட்டா மெஷின் மாதிரி டக்குனு கிளம்பி டக்குனு நிக்கும், ஈஸ் இன் அண்ட் அவுட் வைங்க, மெதுவா கிளம்பி மெதுவா நிக்கும். ஜூம் அளவும் அடக்கமா இருக்கட்டும், அஞ்சாறு செகண்டுக்கு நூறுலேர்ந்து நூத்திப்பத்து பர்சன்ட் வரைக்கும் போனாலே கண்ணுக்கு நல்லா தெரியும்.

எல்லாத்தையும் விட பெரிய தலைவலி ஸ்கேன்தான். ஆறுக்கு நாலு இன்ச் பிரிண்ட 300 டிபிஐல (அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணா 1800க்கு 1200 பிக்சல், ஃபுல் ஹெச்டி வீடியோவுக்கு அகலமே 1920 வேணும், அப்போ ஜூம் பண்றதுக்கு முன்னாடியே பத்தல. 600ல பண்ணா 3600 வரும், ஒண்ணே முக்கால் மடங்கு வரைக்கும் தைரியமா உள்ள போகலாம். சின்ன சைஸ் பிளாக் அண்ட் ஒயிட் போட்டோன்னா 1200 டிபிஐல பண்ணுங்க. சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல அனுப்புனாங்கன்னா டாகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லன்னா கம்ப்ரஸ் ஆகி மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா வரும் (அத்தைக்கு டாகுமெண்ட்னா என்னன்னு போன்ல புரிய வைக்கிறது தனி கூத்து).

இன்னொண்ணு, பட்டுப்புடவை ஜரிகை, கட்டம் போட்ட சட்டை, ஜன்னல் கம்பி மாதிரி நெருக்கமான கோடு இருக்குற போட்டோல மெதுவா நகரும்போது அந்த இடம் மட்டும் மினுமினுன்னு ஆடும். ஷார்ப்பா ஸ்கேன் பண்ண போட்டோலதான் இது அதிகம். அந்த கிளிப்புக்கு துளியூண்டு பிளர் குடுத்தா அடங்கிடும், அப்பவும் அடங்கலன்னா அந்த போட்டோவ நகத்தாம விட்டுடுங்க.