பத்தாயிரம் ரூபாய்க்கு யாருக்கு என்ன வட்டி?

சென்னை காசிமேட்டில் விசைப்படகு பெரும்பாலும் ஆண் பேரில்தான் இருக்கும். டீசலுக்கும் ஐஸுக்கும் வியாபாரி முன்பணம் கொடுப்பார். படகை நம்பிக் கொடுக்கிற காசு அது. ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கிற அக்காக்களிடம் காட்ட எதுவும் கிடையாது. அவர்களுக்குத் தண்டல்தான், அதாவது தினம் தினம் வசூலிக்கிற கடன்.

10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். கேட்டால் 15 சதவீதம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைகிறதே, அதையும் சேர்த்துப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடும். வருஷத்தில் மூன்று முறை வாங்கினால் 4,500 போச்சு. அதே 10,000-ஐ வங்கியில் 12 சதவீதத்துக்கு வாங்கி மாதத் தவணையில் ஒரு வருஷம் கட்டினால் வட்டி சுமார் 660.

இந்த ஊரில் கோடு போட்டுப் பிரிப்பது பழைய பழக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம். கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்தை இடித்துத் திடலாக்கி, அங்கே வீடு கட்டக்கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. தூண்களுக்கு அப்பால் வளர்ந்த புதிய கறுப்பர் நகரத்துக்கு 1911-ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்குத் தூண் எதற்கு? தலித் மக்கள் அதிகம் வாழும் வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று முகவரி சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்பதுகூட இல்லை.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் பிஎம் ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம் வந்தது. முதல் கடன் 10,000, ஜாமீன் வேண்டாம், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம் என்றுதான் ஆரம்பித்தது. மாநகராட்சியின் விற்பனைச் சான்று இல்லாதவர் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஊரில் தெரு வியாபாரத்தைப் பற்றிப் பேசும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பேர் அக்காவுடையது, கூட்டத்தில் உட்காருவது வீட்டுக்காரர் என்றால் அந்தச் சட்டத்தால் என்ன பிரயோஜனம்?

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் ஓடிபியில். ஆதாரில் இருப்பது கணவர் நம்பர், அவர் கடலில். முதலில் அதை அக்காவின் சொந்த நம்பராக மாற்ற உதவுங்கள். ஆதார் மையத்தில் மாற்றுவதானால் அக்காவேதான் நேரில் போக வேண்டும், எனவே யாவாரம் முடிந்த பிறகான நேரமாகப் பார்த்து டோக்கன் போடுங்கள். மீன் அரிந்து அரிந்து ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காமல் போகலாம். திருப்பி அனுப்பினால் கிளம்பிவிடாதீர்கள், கண் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.