நங்கூரத்துக்கு வாடகை இல்லை

பாய்மரப் படகில் குடித்தனம் நடத்த மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்காத சொந்தக்காரரே இல்லை. சரி, சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் லங்காவி தீவில் குவா ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கிறோம், அதற்கு வாடகை கிடையாது, கரண்ட் கூரை மேல் சோலார் தகட்டிலிருந்து வருகிறது, அதனால் போன மாதம் நாலு பேருக்கும் அரிசி, மீன், காய்கறி, கேஸ், கரைக்குப் போய்வர வைத்திருக்கிற டிங்கி என்ற சின்னப் படகுக்குப் பெட்ரோல், போன் டேட்டா எல்லாம் சேர்த்து 3,200 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) முடிந்தது. மெரினாவுக்குள், அதாவது வாடகைக்குப் படகு கட்டும் துறைக்குள், போய்க் கட்டினால் கணக்கே வேறு, படகின் நீளத்தைப் பார்த்து வாடகை போடுவார்கள்.

ஆனால் சாப்பாடெல்லாம் ஒரு செலவே இல்லை. போன வாரம் எஞ்சினைக் குளிர்விக்கிற கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் சக்கரம், உள்ளங்கையில் அடங்குகிற சாமான், இரண்டு இதழ் பிய்ந்துபோய் எஞ்சின் சூடேறிவிட்டது. புதுசு 180 வெள்ளி. பிய்ந்த துண்டைக் குழாய்க்குள் தேடி எடுக்க எனக்கு அரை நாள், மகள்தான் டார்ச் பிடித்தாள். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, சிப்பி ஒட்டாத பெயின்ட் அடிக்க வேண்டும், அதற்காக மாதம் 600 தனியாக எடுத்து வைக்கிறோம். காப்பீட்டை இன்னும் சேர்க்கவில்லை. 1987 முதல் இது வரியில்லாத் தீவு என்பதால் சாக்லேட் மட்டும் மலிவு, பிள்ளைகளுக்கு அது போதும்.