கிளிங்கை விடுங்கள், கிஞ்ச்சைப் பாருங்கள்

'ஹோகன்ஸ் ஹீரோஸ்' (1965–71) ஓர் அமெரிக்க டிவி காமெடி. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் முகாமில் அடைபட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள், காவலர்களை ஏமாற்றி ரகசிய வேலைகள் செய்வதுதான் கதை. அதில் எனக்குப் பிடித்தவர் கைதிகளில் ஒருவரான சார்ஜென்ட் கிஞ்ச்லோ, சுருக்கமாக கிஞ்ச். நடித்தவர் கறுப்பின நடிகர் ஐவன் டிக்சன். அந்தக் காலத்து ஹாலிவுட் காமெடியில் கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் வேலைக்காரன், பயந்தாங்கொள்ளி வேடங்கள்தான். இவரோ முகாமுக்கு அடியில் கைதிகள் தோண்டிய ரகசியச் சுரங்கத்துக்குள் உட்கார்ந்து ரேடியோவை இயக்குவார். ஃபோனில் ஜெர்மன் அதிகாரி மாதிரியே குரல் மாற்றி அதட்டுவார். மறுமுனையில் ஆள் நடுங்குவான்! 1970-ல் விலகி, அப்புறம் இயக்குநராகிவிட்டார்.

இன்னொரு விஷயம். முகாமின் தலைவரான ஜெர்மன் கர்னல் கிளிங்காக வந்த வெர்னர் கிளெம்பரர், ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை. கிளிங்க் ஒருதடவைகூட ஜெயிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நடித்தார். பிரெஞ்சுக் கைதியாக நடித்த ராபர்ட் கிளாரி, நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட யூதர்.

தொடரில் வழக்கமாக வரும் பெண்களுக்கு மட்டும் பெரும்பாலும் சும்மா வந்துபோகிற செக்ரட்டரி வேடம்தான். அது எரிச்சல்.