தலைக்கு மேல் தொங்கும் கருவி

எங்க நைனா காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு டிரைவர். ஐஸ், டீசல், அரிசி ஏற்றிக்கொண்டு தங்கலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்கக் கிளம்பினால் கரை திரும்ப எட்டு, பத்து நாள் ஆகும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் கண்ணுக்கு மறைகிற நேரத்தில் போனில் டவரும் போய்விடும் என்பார். அப்புறம் அவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

போட்டில் பழைய டேட் (DAT) கருவி, அதாவது ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் கருவி ஒன்று இருந்தது. இஸ்ரோ உருவாக்கியது, 2010லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆபத்து என்று அமுக்கினால் போட்டு நிற்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்குப் போகும். எந்தப் போட்டு, எங்கே என்று அங்கே பார்த்து, இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குத் தகவல் சொல்வார்கள். டவர் தேவையே இல்லை.

ஆனாலும் நைனாவுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. "அமுக்குறேன், சரி. போய்ச் சேந்துச்சுன்னு எனக்கு யார்ரா சொல்லுவா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பழைய கருவி கூப்பிடும், அவ்வளவுதான். பதில் எதுவும் திரும்பி வராது. அதனாலேயே அது மெல்ல மெல்ல அரிசி மூட்டைக்கு அடியில் போய்விட்டது.

ஒரு வருஷம், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போன முதல் தங்கல். நடுராத்திரி ஷாஃப்ட் பக்கம் கசிந்து, என்ஜின் ரூமில் முழங்கால் அளவு தண்ணீர். பேட்டரி நனைந்து லைட்டும் வயர்லெஸ்ஸும் ஒன்றாக அணைந்துவிட்டன. இருட்டில் மூட்டைகளைப் புரட்டிக் கருவியைத் தேடி எடுக்கவே அரைமணி நேரம். எடுத்தால், கருவி இருந்த பையின் ஜிப் உப்புப் பூத்து இறுகிக் கிடக்கிறது. பல்லால் கடித்து இழுத்திருக்கிறார். அதற்குள் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து நம்ம ஊர் லாஞ்சு ஒன்று வந்து, கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டது. கரையில் அவர் இறங்கியபோது உதட்டோரம் ஜிப் கிழித்த காயம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது போட்டில் இருப்பது 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறைக் கருவி. அமுக்கினால், தகவல் கிடைத்தது என்று கடலுக்கே பதில் வரும். ப்ளூடூத்தில் போனோடு சேர்த்துவிட்டால் புயல் எச்சரிக்கையும் அதிலேயே வரும். பதில் வரும் என்று சொன்னதும் நைனா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலை இழுத்துக் காய்த்துப்போன கட்டைவிரலைப் பட்டன் மேல் அமுக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பழையதோ புதுசோ, போட்டில் கருவி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை ஸ்டியரிங் பக்கத்தில், இருட்டில் கை நீட்டினால் தட்டுப்படுகிற இடத்தில் மாட்டுங்கள். கிளம்பும் முன் சார்ஜ் பாருங்கள். போட்டு கை மாறியிருந்தால் கருவி யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுச் சரிசெய்யுங்கள். தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பதிவுதான் உங்களை அடையாளம் காட்டும்.

போன வாரம் டவர் விட்டு விட்டு வருகிற நேரத்தில் போன் பண்ணினார்.

"நைனா, அத்த எங்க மாட்டிக்கிற?"

"தலைக்கு மேலதான்டா தொங்குது. இடிச்சிக்கினே நிக்கிறேன்."