தெரிந்தே விட்ட 19 கேள்விகள்

முதுகலை நுழைவுத் தேர்வுக்கு நான் படித்தது ஏழு மாதம். அதில் முதல் மூன்று மாதம் உடம்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இல்லை. கழுத்து வலியா? தேர்வு முடியட்டும். கண் எரிகிறதா? தேர்வு முடியட்டும். இரவு ஒன்றரைக்குப் படுத்து ஆறரைக்கு அலாரம். ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் படிக்கிறேன் என்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு.

மாதிரித் தேர்வு மதிப்பெண் மட்டும் அசையவே இல்லை. ஐந்தாவது தேர்வில் கீழேயே இறங்கிவிட்டது. புலம்பியபோது அக்கா ஒன்றுதான் கேட்டாள்: "தெரியாம தப்பு பண்றியா, தெரிஞ்சே தப்பு பண்றியா? முதல்ல அதைப் பிரிச்சுப் பாரு."

பிரித்தேன். நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் தெரியாதவை, வலப்பக்கம் தெரிந்தும் விட்டவை. மொத்தம் 31 தவறு. வலப்பக்கம் மட்டும் 19. "பின்வருவனவற்றுள் தவறானது எது?" என்ற கேள்விக்கு, முதலில் கண்ணில் பட்ட சரியான கூற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரே தேர்வில் நான்கு முறை! கணக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் கழித்தல் குறியைத் தொலைத்திருக்கிறேன். இவை எதற்கும் இன்னொரு முறை பாடத்தைப் படித்து என்ன பயன்? படிப்பு இருந்தது, கவனம் இல்லை.

அன்று தூக்கத்தை ஏழு மணி நேரமாக்கினேன். சொல்வது சுலபம். முதல் வாரம் பதினொன்றுக்கு விளக்கை அணைத்துவிட்டு, குற்றவாளி மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்நேரம் மற்றவர்கள் எத்தனை அத்தியாயம் முடித்திருப்பார்களோ என்ற நினைப்புதான் ஓடும். அந்தக் குற்ற உணர்வைக் குறைத்தது ஒரு பழைய ஆய்வு. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்து, சில மணி நேரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்தார்கள். விழித்திருந்த நேரத்தைவிடத் தூங்கிய நேரத்துக்குப் பிறகு மறதி குறைவு. அதில் கலந்துகொண்டவர்கள் இரண்டே பேர்தான். ஆனாலும், தூக்கத்தின்போது நினைவுகள் உறுதிப்படுகின்றன என்பதைப் பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு சாக்கு. நல்ல சாக்காகவே கிடைத்தது.

படுத்தும் தூக்கம் வராததற்குக் காரணம் காபி. மாலை ஏழு மணிக்கு ஒரு பெரிய கோப்பை குடிப்பேன். உடம்பில் போன கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது மாறும் என்று படித்த பிறகுதான் கணக்குப் போட்டேன். நள்ளிரவிலும் பாதிக் கோப்பை எனக்குள் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி இல்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்று நாள் தலைவலி, எரிச்சல். அக்காவிடம் வாங்கிய திட்டு தனி. பிறகு சரியாகிவிட்டது.

கண்ணுக்கு மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. பவர் ஏறியிருக்கும் என்று பயந்துகொண்டு போனால், கண் வறண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். திரையையே பார்க்கும்போது நாம் வழக்கத்தைவிட மிகக் குறைவாகத்தான் இமைக்கிறோமாம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது நொடி பார்க்கச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தது. தேர்வு முடிவதற்குள் அதன் கிளை ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி.

கழுத்து வலிக்குச் செலவே இல்லை. முடித்த புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் மடிக்கணினியை ஏற்றி, தனி விசைப்பலகை வைத்துக்கொண்டேன். திரை கண் மட்டத்துக்கு வந்ததும் பத்தே நாளில் வலி பாதியாகக் குறைந்தது. மாலையில் அரை மணி நேரம் நடை. முதலில் காதில் பாடத்தைப் போட்டுக்கொண்டு நடந்தேன். சரிப்படவில்லை, அதுவும் படிப்பாகவே இருந்தது. அப்புறம் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து எழுதிய மாதிரித் தேர்வில் வலப்பக்கம் ஐந்தாகக் குறைந்தது. இடப்பக்கம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. தூங்கினால் தெரியாத பாடம் தெரிந்துவிடுமா என்ன? அதற்கு உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டியிருந்தது.

தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் எந்தத் திட்டமும் எடுபடவில்லை. மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். முன்பானால் அதிலேயே பாதி தோற்றிருப்பேன். அந்த வாரம் முழுக்க ஒழுங்காகத் தூங்கியிருக்கிறோமே என்று எழுந்து குளித்துவிட்டுக் கிளம்பினேன். வினாத்தாளின் இரண்டாம் பக்கத்திலேயே வந்து நின்றது, "தவறானது எது?" 'தவறானது' என்ற சொல்லை வட்டமிட்டுவிட்டு, நான்கு கூற்றுகளையும் கடைசி வரை படித்தேன். விடை நான்காவதாக இருந்தது.